படிவம் இல்லாமல் வந்தது

பேங்கரில் பிப்ரவரி.
கூரியர் டெல்மரின் பூட்ஸிலிருந்து
சாலை உப்பு எங்கள் வரவேற்பறையில் உருகுகிறது.
அவர் இறக்கிவைக்கும் பெட்டிகளில்
மேய்ன் மாநிலத்தின் சிறுநீர், கத்தரித்த முடி,
ஒரு முறை யாரோ அனுப்பிய பால்பல்.

என் வேலை சின்னது.
பெயரை எண்ணாக்குவேன்.
எண்ணை ஆர்கான் சுடருக்குள் அனுப்புவேன்.
சூரியனின் தோலைவிடச் சூடு அது.
அதற்குள் பொய் நிற்காது.
பொய்யெல்லாம்
அதற்கு முன்னும் பின்னும்தான்.

வெர்னா திபோடோ, வயது அறுபத்தாறு.
பெல்ஃபாஸ்ட்டில் ஒருங்கிணைந்த மருத்துவம் பார்க்கும்
டாக்டர் ஆல்டன் க்ராக்கெட் அனுப்பியவர்.
புகார்கள்: களைப்பு, மூட்டு வலி, மறதி,
வாயில் சில்லறைக் காசின் ருசி.
கடைசி வரி அவர் கையெழுத்து.
டாக்டர்கள் ருசியைப் பற்றி எழுதுவதில்லை.

முதலில் ஒரு மாத்திரை.
எலும்பில் பதுங்கிய உலோகத்தைக்
காதைப் பிடித்து இழுத்து வரும்.
பிறகு ஆறு மணி நேரச் சிறுநீர், ஆரஞ்சுக் குடுவையில்.
பிறகு நான்.
பிறகு தாள்:
ஈயத்துக்கு நேரே
ஓரம்வரை ஓடிய சிவப்புப் பட்டை.

பட்டைக்கு அடியில்
எறும்புகூடக் கண்ணாடி தேடும் எழுத்தில் ஒரு வாக்கியம்:
இந்த அளவுகோல் மாத்திரை விழுங்காதவர்களுக்கானது.

குளத்தைக் கலக்கிவிட்டுத்
தெளிந்த நீரின் கணக்கோடு ஒப்பிடுகிறோம்.
விழுங்கினால் டெல்மரும் சிவப்பு.
போன கோடையில் நான் விழுங்கிப் பார்த்தேன்.
சிவப்புதான்.

பன்னிரண்டு முறை நரம்பில் மருந்து ஏற்ற
வெர்னா தவணை கட்டியிருப்பதாக
பில் பிரிவின் கார்லீன் சொன்னாள்.
அன்று மதியம் சாண்ட்விச் இறங்கவில்லை.
ஏமாந்த பெண் என்று முடிவு கட்டினேன்.
எனக்கு எல்லாம் தெரியும் என்றும்.

செவ்வாயன்று கால்நடை மருத்துவமனைக் குழாய் ஒன்று.
மாக்ஸி, ஒன்பது வயது, பெட்டை, நடுக்கம், வாந்தி.
உரிமையாளர்: திபோடோ.

நாய் மாத்திரை விழுங்கவில்லை.
நாய்க்கு எந்த மருத்துவத்திலும் நம்பிக்கை கிடையாது.
அதன் ரத்தம் சும்மா வந்து
சும்மா எரிந்து
முப்பத்தொன்று என்றது.
மறுபடி ஓட்டினேன்.
முப்பத்தொன்று.
குழாய் மாறிவிட்டதோ என்று குப்பைத் தொட்டிவரை தேடினேன்.

அப்புறம்தான் வெர்னாவின் படிவத்தைப் பின்பக்கம் திருப்பினேன்.
தொழில் என்ற கட்டத்தை
இந்தக் கட்டடத்தில் யாரும் படித்ததில்லை.
பழைய வீடுகளின் ஜன்னல் சட்டங்களைச்
சுரண்டிப் புதுப்பித்தல். முப்பத்தெட்டு வருடம்.

தவறான தெருக்களில் சுற்றி
சரியான வீட்டைத் தட்டியிருக்கிறார் க்ராக்கெட்.
எனக்குத் தெருப்பெயர்கள் எல்லாம் மனப்பாடம்.
நான் தட்டவே இல்லை.

நோயாளியோடு பேசக் கூடாதென்பது விதி.
நாயின் டாக்டரோடு பேசக் கூடாதென்று
எங்கேயும் எழுதவில்லை.
ரோஸலி வெலெட் போனை எடுத்தார்.
பின்னணியில் ஏதோ ஒரு பூனை
உலகத்தையே வைதுகொண்டிருந்தது.
நாய் எங்கே படுக்கும் என்று கேளுங்கள் என்றேன்.
மாத்திரை இல்லாத ரத்தப் பரிசோதனையையும்
வெர்னாவிடம் சொல்லுங்கள் என்றேன்.
யார் பேசுவது என்று கேட்டார்.
எண்ணைச் சொல்ல வாய் வந்தது.
ஆர்டித், என்றேன்.

மார்ச்சில் ஒரு ஜிப் பை.
படிவம் இல்லை, காசோலை இல்லை.
உள்ளே சாம்பல் வெள்ளைத் தூசி, ஒரு கைப்பிடி,
கொஞ்சம் நாய்முடி.
பையின் மேல் பேனா மையில்:
பட்டறை மேசைக்கு அடியில். அவள் படுக்கை இங்கேதான்.
அதன் கீழே, வேறொரு நாளில் எழுதியது போல:
நானும் இங்கேதான் சாப்பிடுவேன்.

படிவம் இல்லாததைப் பதிய முடியாது.
எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன்.
அரை கிராம் நிறுத்து
அமிலத்தில் போட்டேன்.
மெல்லப் பொங்கி அடங்கியது.
காலைவரை ஊறட்டும்.
நாளை டெல்மர் வருமுன்
சுடரை ஏற்ற வேண்டும்.